எழுத்துப் பட்டறை: காதல் வந்தால் கதை ஏன் படுத்துக்கொள்கிறது?

கேள்வி: செவ்வாய் கிரகச் சுரங்கத்தில் நடக்கும் சாகச நாவல் எழுதுகிறேன், 30 அத்தியாயம். நாயகி அங்கே பம்ப் இன்ஜினியர். நாயகன் சூலூரில் கட்டுப்பாட்டு அறையில். படித்த நண்பர், "காதல் வந்ததும் கதை படுத்துக்குதுங்க" என்கிறார். காதலை எவ்வளவு குறைக்கலாம்?
– வாசகர், பெருந்துறை

பதில்: குறைக்க வேண்டாம், இடம் மாற்றுங்கள். காதல் வரிகளை அடித்துவிட்டு முடிவைப் படித்துப் பாருங்கள். சுரங்கம் அப்போதும் அதே மாதிரி தப்பித்தால், காதல் கதைக்குள் வரவில்லை; திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

அத்தியாயத்துக்கு ஓர் அட்டை, அட்டைக்கு இரண்டே வரி: ஆபத்தில் என்ன மாறியது, இருவருக்கும் நடுவில் என்ன மாறியது. அடுத்தடுத்து இரண்டு அட்டையில் முதல் வரி காலி என்றால், நண்பர் சொன்ன இடம் அதுதான்.

உங்கள் கைவசம் நல்ல சரக்கு இருக்கிறது: தூரம். ரேடியோ அலை செவ்வாய் போய்ச் சேர 3 முதல் 22 நிமிடம். அவன் "சாப்டாச்சுங்களா?" என்று கேட்டால் பதில் வர 6 நிமிடமும் ஆகும், 44 நிமிடமும் ஆகும். ஆகவே போனில் பேசுவதுபோல மாறி மாறிப் பேச்சு எழுதாதீர்கள் (பலர் கோட்டை விடுவது இங்கேதான்). கடிதம் மாதிரி எழுதுங்கள். இம்பெல்லரில் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) மண் அடைத்த தகவலும் கோபத்தில் விட்ட வார்த்தையும் ஒரே செய்தியில் போகட்டும். பின்னாலேயே மன்னிப்புக் கேட்டு அனுப்பினாலும் அது முதல் செய்தியை முந்தாது.

சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை சூரியன் குறுக்கே வரும்போது, ஏறக்குறைய இரண்டு வாரம் செவ்வாய்க்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவைப்பார்கள். 20ஆம் அத்தியாயத்தை அங்கே வையுங்கள். வேறு பக்கமாகச் செய்தி கடத்தும் செயற்கைக்கோள் கிடையாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; இல்லாவிட்டால் வாசகர் பிடித்துக்கொள்வார். அவன் கடைசியாகச் சொன்ன பழுதுபார்க்கும் முறையை நம்புவதா, தன் கணக்கை நம்புவதா? அந்தத் தயக்கம்தான் உங்கள் காதல் காட்சி. முதல் அத்தியாயத்தில் மோட்டாரைப் பிரித்துப் போட்டவளை 20இல் மயங்கி விழ வைத்தீர்களென்றால் காதலும் போச்சு, சாகசமும் போச்சு.

கேள்வி: நாயகன் ஒளிவேகத்தில் 80 சதவீத வேகத்தில் போய், பூமிக் கணக்கில் 10 வருஷத்தில் திரும்புகிறான். காதலி கிழவியாகியிருப்பாளா?
– வாசகி, திருப்பூர்

பதில்: மாட்டாள். ஒளிவேகத்தை நெருங்க நெருங்கக் கப்பலில் காலம் மெதுவாக ஓடும்; இந்த வேகத்தில் பூமியில் 10 வருஷம் என்றால் கப்பலில் 6. கிளம்பும்போது இருவருக்கும் 25 என்றால், திரும்பும்போது அவனுக்கு 31, அவளுக்கு 35. ஜாதகம் பார்க்கும் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். வேகத்தை 99 சதவீதமாக்கி, பூமியில் 45 வருஷம் ஓடவிடுங்கள். அப்போதும் அவனுக்கு 31தான், அவளுக்கு 70.