பழம்பொருள் கேள்வி–பதில்: துப்பாக்கிக் கட்டையின் உள்முகம்

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில் ‘த்ரீ நாட் த்ரீ’ துப்பாக்கியின் பின்கட்டையையும் முன்கட்டையையும் ஏழாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினேன். குழலோ விசையோ கிடையாது. வெறும் மரமும் பித்தளையும்தான். பின்கட்டையில் வட்டமான பித்தளை வில்லையும் ‘1916’ என்ற எண்ணும் உள்ளன. முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி போகிறது. இரண்டும் ஒரே துப்பாக்கியைச் சேர்ந்தவை, முதல் உலகப்போருக்குப் போய் வந்தவை என்கிறார் கடைக்காரர். எங்கள் ஊர் ஆசாரி, மரம் ஈட்டி என்கிறார். எதை நம்புவது? – திருமங்கலம் வாசகர்

பதில்: தாங்கள் எழுதியிருப்பவற்றில் கடைக்காரர் பெருமையாகக் காட்டிய வில்லை, ‘1916’ ஆகிய இரண்டையும் நான் ஐயத்தோடு பார்க்கிறேன், அவர் குறையாக நினைத்திருக்கக்கூடிய திருகாணியைத்தான் நம்புகிறேன்.

‘த்ரீ நாட் த்ரீ’ என்று நாம் சொல்லும் லீ–என்ஃபீல்டு துப்பாக்கியின் குட்டை வகையில் 1907இல் வந்த மூன்றாம் மாதிரிக்கு, பின்கட்டையின் வலப்புறம் படைப்பிரிவின் குறியைப் பொறிப்பதற்காக ஒரு பித்தளை வில்லை பதிக்கப்பட்டது. போர்க்காலத்தில் வேலையைக் குறைப்பதற்காக 1916இல் எளிமையாக்கிய மாதிரி வந்தபோது கைவிடப்பட்டவற்றில் அந்த வில்லையும் ஒன்று. ஆகவே வில்லையும் 1916 என்ற ஆண்டும் ஒரே கட்டையில் சேர்ந்திருப்பது நடக்கவே முடியாதது அன்று. ஆனால் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளக் கூடியதும் அன்று. மேலும், இந்தத் துப்பாக்கியின் தயாரிப்பு ஆண்டு மரத்தில் இராது. பின்கட்டை செருகப்படும் இரும்புக் கழுத்தின் வலப்பக்கத்தில், கிரீடத்துக்கும் அரசரின் முதலெழுத்துகளுக்கும் கீழே இருக்கும். கிடங்குகளில் பழுதுபார்த்தபோது மரத்தில் தேதி அடித்ததும் உண்டு என்பதால், எண் இருப்பதனாலேயே போலி என்று தள்ளிவிடவும் வேண்டாம். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எண்ணின் மீது வைத்துப் பாருங்கள். அச்சால் அடித்த எழுத்தில் மரநார்கள் அறுபடாமல் கீழே அமுங்கி வளைந்திருக்கும். பள்ளத்தின் அடியில் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து கறுத்திருக்கும். விளிம்பும் சுற்றியுள்ள பரப்பைப் போலவே தேய்ந்து மழுங்கியிருக்கும். சுற்றுப்புறம் தேய்ந்து வழவழவென்று இருக்க, எழுத்து மட்டும் கூர்மையாக நின்றால் அது பிற்பாடு ஏறியது.

பின்கட்டையின் மேல்முகத்தில், தோளில் படும் முனையை மூடியிருக்கும் பித்தளைத் தகட்டுக்குச் சற்று முன்னால் ஏதேனும் ஓர் ஆங்கில எழுத்து உள்ளதா என்றும் தேடுங்கள். சிப்பாயின் கை நீளத்துக்கு ஏற்பக் கட்டைகளை வெவ்வேறு அளவில் செய்தார்கள். ‘எல்’ என்றால் வழக்கமான அளவைவிட அரை அங்குலம் நீளம், ‘எஸ்’ என்றால் அரை அங்குலம் குட்டை, ‘பி’ என்றால் ஓர் அங்குலம் குட்டை. எழுத்தே இல்லாதது வழக்கமான அளவு. போலி செய்பவர்கள் எழுத்தை அடித்துவிட்டு அளவை மறந்துவிடுவதுண்டு.

இனி, யாரும் பார்க்கமாட்டார்கள் என்று போலிக்காரர் நினைக்கும் இடங்களுக்கு வருவோம். பின்கட்டையின் பித்தளைத் தகட்டைக் கழற்றுங்கள். எண்ணெய் ஊறிய மரத்தோடு பல்லாண்டு ஒட்டியிருந்த பித்தளை, திருகுத் துளையைச் சுற்றி மெழுகு போன்ற பச்சைக் களிம்பை விட்டிருக்கும். தகட்டுக்கு அடியில் உள்ள மரம் வெளிமரத்தைவிட வெளிறியிருக்கும். தேநீர்ச் சாயத்திலோ வேறு சாயத்திலோ முக்கி எடுத்த கட்டை அங்கேயும் ஒரே நிறமாகத் தெரியும். அடுத்து முன்முனையைப் பாருங்கள். இரும்புக் கழுத்துக்குள் இறுகி, ஆயிரக்கணக்கான வெடிகளின் உதைப்பை வாங்கிய மரம் அமுங்கிக் கறுத்து, இரும்பின் விளிம்பைத் தன்மீது அச்சாக ஏற்றிருக்கும். அந்த முனை புதுக் கட்டில் கால் போலக் கூர்மூலையோடு இருந்தால், அந்தக் கட்டை எந்தத் துப்பாக்கியிலும் பூட்டப்பட்டதே இல்லை.

ஆசாரியின் ஈட்டிக் கணிப்பைக் குறைசொல்ல மாட்டேன். ஆளிவிதை எண்ணெய் குடித்துக் கறுத்த எந்த மரமும் மேற்பார்வைக்கு ஈட்டி போலத்தான் இருக்கும். பின்கட்டையின் நடுவே நீளவாக்கில் ஓடும் துளைக்குள் பிளேடால் மயிரிழை அளவு சீவிப் பாருங்கள். ஈட்டியானால் ஊதாவும் கறுப்புமான வரி தெரியும், கையில் கனக்கும். இந்தத் துப்பாக்கிக் கட்டைகளுக்குப் பெரும்பாலும் பயன்பட்ட வால்நட் மரம் பழுப்பாக இருக்கும், ஈட்டியைவிடத் தெளிவாக எடை குறைவு. இங்கே ஒரு பொறியும் உண்டு. நம் வாகை மரத்துக்கு மரச்சந்தையில் ‘ஈஸ்ட் இந்தியன் வால்நட்’ என்றொரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை நம்பிப் பல ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு வாகைக் கட்டையை வால்நட் விலைக்கு வாங்கினேன். விற்றவர் சொன்னது பொய்யும் அன்று என்பதால் சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று. அது இன்றும் என் மேசையில் காகிதம் பறக்காமல் காத்துக்கொண்டிருக்கிறது.

முன்கட்டையின் குறுக்கே போகும் திருகாணி, தோட்டாப் பெட்டிக்கான வெட்டுக்குச் சற்று முன்னால் இருக்குமானால், அது கல்கத்தாவுக்கு அருகே உள்ள இஷாப்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் கைவரிசை. மரம் பிளக்காமல் இருக்க அங்கே இப்படி இறுக்கினார்கள். குறையாக எண்ணி அதை எடுத்துவிட்டுத் துளையை அடைத்துவிடாதீர்கள். ஒரே துப்பாக்கி என்ற பேச்சுக்கு மட்டும் ஆதாரம் கிடைப்பது கடினம். முன்கட்டையின் மூக்குப் பகுதியில், இரும்பு மூடி மறைக்கும் அடிப்புறத்தில், வரிசை எண் அடித்திருக்கலாம்; பின்கட்டையில் பொதுவாக அது இராது. ஒப்பிட இரண்டாவது எண் இல்லாதபோது, கடைக்காரர் சொல் வெறும் சொல்தான்.

கேள்வி: இந்திய தேசிய இராணுவத்தில் இருந்த என் தாத்தா பர்மாவிலிருந்து கொண்டுவந்ததாக எங்கள் வீட்டில் ஒரு கட்டை இருக்கிறது. அடிப்பகுதி தனித் துண்டாக நீளவாக்கில் ஒட்டப்பட்டிருக்கிறது. உடைந்து ஒட்டியது, மதிப்பில்லை என்கிறார் சித்தப்பா. – உசிலம்பட்டி வாசகி

பதில்: சித்தப்பாவிடம் நல்ல செய்தியாகச் சொல்லுங்கள். ஜப்பானியரின் அரிசாகா துப்பாக்கிகளில் பின்கட்டையை இரண்டு துண்டாகச் செய்து நீளவாக்கில் கோத்து ஒட்டுவதே வழக்கம். அகலமான பலகையை வீணாக்காமல் இருக்க இது உதவியது. உடைந்த மரத்தின் ஒட்டு கோணலாக, நார் பிய்ந்து ஓடும்; இது நூல் பிடித்தாற்போல் நேராக, பித்தளை அல்லது இரும்புத் தகடு வரை போய் முடியும். மேற்பூச்சு எண்ணெயாக இல்லாமல் அரக்குப் பூச்சைப் போலக் கண்ணாடித்தன்மையோடு இருந்தால் இன்னும் உறுதி. ‘உருஷி’ என்ற மரப்பாலைக் கொண்டு பூசினார்கள். ஆனால் கட்டை உண்மையானது என்பது தாத்தாவின் கதைக்குச் சான்றாகாது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது கைப்பற்றப்பட்ட பிரிட்டிஷ் ஆயுதங்களே அந்தப் படைக்குப் பெரும்பாலும் கிடைத்தன. தாத்தாவுக்கு அரிசாகா எப்படிக் கைக்கு வந்தது என்பதை அவருடைய பழைய கடிதங்களில்தான் தேட வேண்டும்.

கேள்வி: வெறும் மரக்கட்டையை வீட்டில் வைத்திருந்தால் வழக்கு வருமா? – மதுரை, அண்ணாநகர் வாசகர்

பதில்: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 45ஆம் பிரிவில், மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாத சிறு பாகங்களுக்கு விலக்கு அளிக்கிறது. குழலோ, தாழ்ப்பாளோ, வேறு இரும்புப் பாகமோ ஒட்டியிருந்தால் தாமதிக்காமல் உரிமம் வழங்கும் அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். மாநகருக்குக் காவல் ஆணையர், வெளியே ஆட்சியர். வாங்கிய ரசீதைக் கட்டையோடு சேர்த்தே வையுங்கள்.

கேள்வி: மணல்தாள் போட்டு வார்னிஷ் அடிக்கலாமா? – மேலூர் வாசகர்

பதில்: வேண்டாம். மேலே சொன்ன அச்சுகளும் தேய்மானமும் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குள்தான் இருக்கின்றன. ஒரு பிற்பகல் தேய்த்தால் நூறு ஆண்டு தூளாகப் போய்விடும். உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். மரம் வறண்டிருந்தால் காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய் நான்கைந்து துளியை உள்ளங்கையில் விட்டு, கை சுடும் வரை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது. தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.