கென்டக்கி கோச்சிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? கேள்வி பதில்

லெக்சிங்டனில் இருக்கும் கென்டக்கி பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் கோச் மார்க் ஸ்டூப்ஸ் 13 சீசன்களுக்குப் பிறகு 2025 டிசம்பரில் நீக்கப்பட்டார். ஓரிகன் அணியின் அஃபென்ஸைக் (பந்தை வைத்துத் தாக்கி ஆடும் பிரிவை) கவனித்துவந்த வில் ஸ்டைன் அவர் இடத்துக்கு வந்திருக்கிறார். அன்றிலிருந்து ரசிகர்கள் இரண்டு கட்சி. ஏழு ஆட்டம் ஜெயித்தால் நமக்குப் போதும் என்கிறது ஒரு கட்சி. ஏழோடு திருப்திப்பட்டதால்தான் இந்த நிலைமைக்கு வந்தோம் என்கிறது மற்றது. பலரும் கேட்டவற்றை எடுத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, லெக்சிங்டனுக்கு வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. திங்கட்கிழமை ஆனால் ஆபீஸில் இதே பேச்சு. ஒரு சீசனில் எத்தனை ஆட்டம், எத்தனை ஜெயித்தால் நல்ல சீசன் என்று முதலில் சொல்லுங்கள்.

பதில்: வழக்கமான சீசனில் 12 ஆட்டம். ஆறு ஜெயித்தால் ஆண்டுக் கடைசியில் பவுல் என்கிற கூடுதல் கௌரவ ஆட்டம் ஒன்று கிடைக்கும். கென்டக்கி ஆடுவது தென்கிழக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் எஸ்.இ.சி. கூட்டமைப்பில். அலபாமா, ஜார்ஜியா, எல்.எஸ்.யூ. எல்லாம் அதில்தான். 2024இல் டெக்சஸும் ஓக்லஹோமாவும் சேர்ந்ததால் இப்போது 16 அணிகள். 2025 வரை கூட்டமைப்புக்குள் எட்டு ஆட்டம், வெளியே நாலு. அந்த நாலில் ஒன்று இதே மாநிலத்துப் பரம எதிரியான லூயிவில். மீதி மூன்றும் பெரும்பாலும் கென்டக்கி ஜெயித்தே ஆகவேண்டிய ஆட்டங்கள். 2026இலிருந்து உள்ளே ஒன்பது ஆட்டம். சுலபமான ஒன்று போய், அந்த இடத்தில் இன்னொரு எஸ்.இ.சி. அணி வந்து நிற்கிறது. அதனால் பழைய ஏழு வெற்றியும் இனி வரப்போகும் ஏழு வெற்றியும் ஒன்றல்ல. இந்தச் சண்டையில் பலர் கணக்கில் எடுக்காத விஷயம் இது.

கேள்வி: சார், வருடம் பத்து வெற்றி கேட்பது பேராசையா?

பதில்: வருடா வருடம் கேட்டால் பேராசைதான். கென்டக்கியின் மொத்த வரலாற்றிலும் பத்து வெற்றியைத் தொட்ட சீசன்கள் நாலே நாலு: 1950, 1977, 2018, 2021. பேர் பிரையன்ட் அலபாமாவுக்குப் போய்ப் பெரும்புகழ் பெறுவதற்கு முன் இங்கேதான் கோச்சாக இருந்தார். 1950இல் எஸ்.இ.சி. பட்டத்தை வென்று, தொடர்ந்து 31 ஆட்டம் தோற்காமல் வந்த ஓக்லஹோமாவைச் சுகர் பவுலில் வீழ்த்தியது அவருடைய அணி. 1977க்குப் பிறகு எஸ்.இ.சி.க்குள் தோல்வியைவிட வெற்றி அதிகம் என்று ஒரு சீசன் முடிய 2018 வரை காத்திருந்தோம். 41 வருடம்! இடையில் வந்துபோன கோச்சுகள் எல்லோரும் ஒன்றும் தெரியாதவர்களா? மாநிலம் சிறியது. ஜார்ஜியா, ஃப்ளோரிடா பள்ளிகளிலிருந்து கிளம்புகிற மாதிரி ஆட்டக்காரர்கள் இங்கே கிளம்புவதில்லை. யார் வந்தாலும் வெளியூரில் போய்த்தான் ஆள் தேட வேண்டும்.

என் அளவுகோல் இது: சாதாரண வருடத்தில் ஆறோ ஏழோ. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை ஒன்பது, பத்து. ஆறுக்குக் கீழே ஒரு வருடம் போகலாம், தொடர்ந்து இரண்டு வருடம் போகக் கூடாது.

கேள்வி: கிடையில் கிடந்த அணியைத் தூக்கி நிறுத்தியவர் ஸ்டூப்ஸ். அவரை வெளியே அனுப்பியது நன்றி மறந்த செயல் இல்லையா?

பதில்: அவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அவரை அனுப்பவும் வேண்டியிருந்தது. எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை.

2012இல் இரண்டே ஆட்டம் ஜெயித்திருந்த அணி அவர் கையில் வந்தது. முதல் வருடம் அவருக்கும் இரண்டுதான். அடுத்த இரண்டு வருடம் ஐந்து, ஐந்து. அவர் ஒஹையோ மாநிலத்து யங்ஸ்டவுன்காரர். உதவியாளர் வின்ஸ் மாரோவும் அதே ஊர். இருவரும் ஒஹையோவைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகம் கண்டுகொள்ளாமல் விட்ட பென்னி ஸ்னெல் இங்கே வந்து, பந்தோடு ஓடுவதில் (ரஷிங்) கென்டக்கியின் எல்லாக் காலத்துக்குமான சாதனையோடு போனார். லின் போடன் யங்ஸ்டவுன் பையன்.

2017இல் ஃப்ளோரிடாவோடு சொந்த மைதானத்தில் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு வயிறு எரியும். எதிரணியில் பந்தைப் பிடிக்கிற ரிசீவரை ஆள் போட்டு மறிக்காமலே விட்டு, அதுவும் ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை, இரண்டு டச்டவுன் (ஒவ்வொன்றும் ஆறு புள்ளி) கொடுத்தார்கள். 28-27 தோல்வி. அந்த அணியிடம் அது தொடர்ந்து 31ஆவது தோல்வி. அன்றைக்கே கோச்சை மாற்றச் சொன்னவர்கள் இருந்தார்கள். அடுத்த வருடம் அதே ஃப்ளோரிடாவை அவர்கள் மண்ணிலேயே 27-16 என்று ஜெயித்தோம். அந்தச் சீசன் பவுலும் சேர்த்து 10-3, அதாவது பத்து வெற்றி, மூன்று தோல்வி.

ஆனால் எனக்கு 2019தான் அவருடைய ஆகச் சிறந்த வேலை. பந்தை எறிந்து அஃபென்ஸை நடத்துகிற முதல் குவாட்டர்பேக்குக்குக் காயம், இரண்டாமவருக்கும் காயம். சீசன் நடுவில் ரிசீவராக இருந்த போடனை அந்த இடத்தில் நிறுத்தினார். பந்தை எறிவதைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டு ஓடியே ஆடினார்கள். எதிரணிக்கும் அது தெரியும், தெரிந்தும் தடுக்க முடியவில்லை. லூயிவில்லுக்கு எதிராகப் போடன் ஒருவரே 284 யார்டு ஓடினார். பெல்க் பவுலில் வர்ஜீனியா டெக்குக்கு எதிராக, ஓட மட்டுமே தெரிந்தவர் என்று எல்லோரும் நினைத்த அந்தப் பையன், 15 விநாடி மிச்சம் இருக்கும்போது பந்தை எறிந்து டச்டவுன் எடுத்து ஆட்டத்தை முடித்தான். கையில் இருப்பதை வைத்து அணியை அமைக்கத் தெரிந்த கோச் அப்போது அவர்.

அது பிறகு தேய்ந்துபோனது. 2020 முடிவில் அஃபென்ஸ் பொறுப்பாளரை மாற்றினார். 2021இல் லியம் கோயன் வந்தார், பத்து வெற்றி. அவர் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லுக்குப் போனார். 2022இல் வந்தவர் ஒரே வருடத்தில் நீக்கப்பட்டார். 2023இல் கோயனே திரும்பி வந்தார், மறுபடியும் போனார். 2024இல் இன்னொருவர். வருடத்துக்கு ஒரு பாடத்திட்டம் என்றால் எந்தக் குவாட்டர்பேக் தேறுவான்? 2024இல் 4-8. 2025இல் ஃப்ளோரிடாவை 38-7 என்று அடித்து, 5-5 வரை வந்து, பவுலுக்கு ஒரே ஒரு வெற்றி தேவை என்ற நிலையில் வாண்டர்பில்ட்டிடம் 45-17, லூயிவில்லிடம் 41-0. தோற்றது பிரச்சினை இல்லை. கடைசி ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட எடுக்க முடியாமல் நின்றார்களே, அதற்குமேல் அவரை வைத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: 2021இன் பத்து வெற்றிகளைக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. ரத்து செய்துவிட்டதே?

பதில்: ஆமாம், 2024இல். சில ஆட்டக்காரர்கள் பகுதிநேர வேலையில் செய்யாத மணிநேரத்துக்குச் சம்பளம் வாங்கியது காரணம். பதிவேட்டில் அவை இல்லை. கோச்சின் திறமையை அளக்கும்போது மைதானத்தில் நடந்ததைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால் 13 சீசனில் 82 வெற்றி, 80 தோல்வி.

கேள்வி: தம்பி, நெப்ராஸ்கா கதை தெரியும்தானே? ஒன்பது வெற்றி போதாது என்று கோச்சை அனுப்பிவிட்டு இன்றைக்கும் தவிக்கிறார்கள். நாமும் அதே பள்ளத்தில் விழப்போகிறோம்.

பதில்: ஐயா, அந்தப் பயம் நியாயமானது. 2003இல் ஃப்ராங்க் சோலிச்சை 9-3 என்ற நிலையில் நீக்கினார்கள். 2014இல் போ பெலினியையும் அதே 9-3இல் நீக்கினார்கள். பிறகு சொந்த ஊர்ப்பிள்ளை ஸ்காட் ஃப்ராஸ்ட் வந்து 16 ஜெயித்து 31 தோற்றார். 2017 முதல் 2023 வரை பவுல் பக்கமே போகவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர்கள் ஒன்பதில் அனுப்பினார்கள், நாம் நாலும் ஐந்தும் பார்த்துவிட்டு அனுப்பினோம். 2022இலோ 2023இலோ, ஏழு ஆட்டம் ஜெயித்துக்கொண்டிருந்தபோது ஸ்டூப்ஸை நீக்கியிருந்தால் உங்கள் ஒப்பீடு அப்படியே பொருந்தியிருக்கும். நானும் உங்களோடு சேர்ந்து கத்தியிருப்பேன்.

கேள்வி: இந்தியானா இரண்டே வருடத்தில் சாம்பியன் ஆகிவிட்டது. இனியும் "நாம் நடுத்தரம்" என்று சொல்லிக்கொண்டிருக்கலாமா?

பதில்: இந்தக் கேள்விதான் என்னையும் தூங்கவிடாமல் செய்கிறது. 2023இல் 3-9 இருந்த அணி அது. தோல்விக்கே பேர்போன அணி. கர்ட் சிக்னெட்டி வந்தார், 2024இல் 11-2. 2025 சீசனில் பட்டத்துக்கான கூடுதல் ஆட்டங்களும் சேர்த்து ஒரு தோல்விகூட இல்லாமல் 16-0, தேசியப் பட்டம். பள்ளிப் பையன்களை எடுத்து நாலு வருடம் வளர்க்க அவர் உட்காரவில்லை. தன் பழைய இடமான ஜேம்ஸ் மேடிசனிலிருந்து பத்துப் பேருக்கு மேல் கூடவே அழைத்துவந்தார். மற்ற இடங்களை, கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியலான ட்ரான்ஸ்ஃபர் போர்டல் வழியாக, ஏற்கெனவே கல்லூரியில் ஆடிக் காட்டிய வயதுவந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு நிரப்பினார்.

இதிலிருந்து சாம்பியன் பட்டம் கேட்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். அப்படி ஒரு கோச் எல்லா ஊருக்கும் கிடைக்கமாட்டார். ஆனால் காலக்கெடு மாறிவிட்டது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஸ்டூப்ஸுக்கு முதல் பவுல் கிடைக்க நாலு சீசன் ஆனது, நாமும் பொறுத்தோம். இன்று நாலு வருடம் கேட்டால் கொடுக்க முடியாது. எனக்கு இந்தியானாவைவிட வாண்டர்பில்ட் உறுத்துகிறது. எஸ்.இ.சி.யிலேயே கடைசி வரிசையில் இருந்த அணி. கிளார்க் லீயின் முதல் மூன்று சீசன் 2-10, 5-7, 2-10. அப்புறம் 2024இல் அலபாமாவை 40-35 என்று ஜெயித்தார்கள். 2025இல் தங்கள் வரலாற்றின் முதல் பத்து வெற்றி சீசன். நமக்கு இல்லாத வசதி எதுவும் அவர்களுக்கு இல்லை. அதே கூட்டமைப்பில்தான் ஆடுகிறார்கள்.

கேள்வி: நீக்கியதற்கு இவ்வளவு பணமா? அதை ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்திருக்கலாமே.

பதில்: சுமார் 3 கோடியே 80 லட்சம் டாலர். கோபம் சரிதான், அதை ஸ்டூப்ஸ் மேல் காட்டாதீர்கள். ஏழு ஜெயித்தால் ஒப்பந்தம் தானாக ஒரு வருடம் நீளும், பத்து ஜெயித்தால் இரண்டு வருடம் நீளும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது பல்கலைக்கழகம். நீக்கினால் மொத்தத்தையும் 60 நாளில் கொடுக்க வேண்டும் என்றும் இருந்தது. தவணையாக வாங்கிக்கொள்ள ஒத்துக்கொண்டவர் அவர். இப்போது பல்கலைக்கழகங்கள் தங்கள் வருமானத்தில் வருடத்துக்கு 2 கோடி டாலருக்குச் சற்று மேல் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். இப்படிப்பட்ட நேரத்தில் பழைய கோச்சுக்கு இவ்வளவு போவது வலிக்கத்தான் செய்கிறது. அடுத்த ஒப்பந்தத்தில் தானாக நீளும் விதியே இருக்கக் கூடாது.

கேள்வி: இது கூடைப்பந்து ஊர். கால்பந்துக்கு என்ன செய்தாலும் இரண்டாம் இடம்தானே?

பதில்: எட்டு தேசியப் பட்டம் வென்ற கூடைப்பந்து அணி பக்கத்திலேயே இருக்கிறது, மறுக்கவில்லை. 2022இல் கூடைப்பந்து கோச் கலிபரி இதைக் கூடைப்பந்துப் பள்ளி என்று சொன்னபோது ஸ்டூப்ஸ் எல்லோரும் பார்க்கவே பதிலடி கொடுத்தார். அது சும்மா ரோஷம் இல்லை. ஆட்டக்காரர்களுக்கான தொகை ஒரே பையிலிருந்து போகும்போது கூடைப்பந்துக்கு எவ்வளவு, கால்பந்துக்கு எவ்வளவு என்பது நிஜமான சண்டை. எஸ்.இ.சி.யின் மற்ற பல பல்கலைக்கழகங்களில் இவ்வளவு பெரிய பங்காளி கிடையாது. புதிய கோச்சை மதிப்பிடும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: லூயிவில்லிடம் தோற்றால் அன்றே கோச்சை மாற்ற வேண்டும் என்கிறார் என் மாமா.

பதில்: மாமாவுக்கு என் வணக்கம். ஒரு தோல்விக்கு மாற்றக் கூடாது. ஆனால் 2018 முதல் 2023 வரை நடந்த ஐந்து ஆட்டத்திலும் ஜெயித்துவிட்டு, அடுத்த இரண்டில் 41-14, 41-0 என்று போனால் அது ஒரு நாள் சறுக்கல் இல்லை.

கேள்வி: ஸ்டைனுக்கு எத்தனை வருடம் கொடுக்கலாம்? இதுவரை தலைமை கோச்சாக இருந்ததே இல்லையே, பயமாக இருக்கிறது.

பதில்: அனுபவம் இல்லை, உண்மை. ஸ்டூப்ஸும் அப்படித்தான் வந்தார். ஸ்டைன் லூயிவில் நகரத்தில் வளர்ந்தவர், அந்தப் பல்கலைக்கழகத்துக்கே குவாட்டர்பேக்காக ஆடியவர். மாநிலத்துப் பள்ளிக் கோச்சுகளிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. மூன்று சீசன் கொடுங்கள் என்பேன். முதல் வருடம் ஐந்து ஜெயித்தால் முகம் சுளிக்காதீர்கள். இரண்டாம் வருடம் பவுல். மூன்றாம் வருடம் ஏழுக்குக் குறையக் கூடாது. அது கிடைத்தால் நான் அவர் பக்கம் நிற்பேன், நாலாம் வருடம் சறுக்கினாலும்.

முன்பு ரிச் புரூக்ஸ் என்று ஒருவர் இருந்தார். முதல் மூன்று சீசனில் 4-8, 2-9, 3-8. ஊரே அவரைப் போகச் சொன்னது. நாலாவது சீசனில் எட்டு ஜெயித்தார். 2007இல் முதல் இடத்தில் இருந்த எல்.எஸ்.யூ.வை மூன்று ஓவர்டைம் ஆடி 43-37 என்று வீழ்த்தினார். புரூக்ஸுக்குக் கொடுத்த அளவு பொறுமையை இன்று யாரும் கொடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் வேண்டாம். ஆனால் முதல் வருட முடிவை மட்டும் வைத்து ஒருவரை எழுதித்தள்ளாதீர்கள்.

கேள்வி: கடைசியாக ஒன்று. முதல் சீசனில் வெற்றிக் கணக்கைப் பார்க்க வேண்டாம் என்றால் வேறு எதைப் பார்ப்பது?

பதில்: அஃபென்ஸிவ் லைனை, அதாவது குவாட்டர்பேக்குக்கு முன்னால் நின்று எதிரணியை மறித்து வழி திறக்கிறவர்களைப் பாருங்கள். 2018, 2019இல் நம்மைத் தூக்கியது அந்த ஐந்து பேர்தான். கடைசி இரண்டு மூன்று வருடம் சரிந்ததும் அங்கேதான். ஸ்டைன் ஓரிகனில் வேகமான, விரித்து ஆடும் அஃபென்ஸ் நடத்தியவர். அந்த ஆட்டத்துக்கு ஏற்ற உடல்வாகுள்ள லைன்மேன்கள் இங்கே சேரக் கொஞ்ச நாள் பிடிக்கும். மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சிகளில் மூன்றாவதில்) இரண்டு யார்டு வேண்டியிருக்கும்போது நேராக முட்டித் தள்ளி எடுக்கிறார்களா என்று கவனியுங்கள். அக்டோபரில் ஜார்ஜியா மாதிரி ஒரு அணிக்கு எதிராக அதைச் செய்துவிட்டுத் தோற்றாலும் எனக்கு நம்பிக்கை வந்துவிடும். செப்டம்பரில் சின்ன அணிக்கு எதிராக 50 புள்ளி எடுத்துவிட்டு அதை மட்டும் செய்ய முடியாமல் போனால், அப்போது வந்து கேளுங்கள், வேறு பதில் சொல்கிறேன்.