நனையத்தான் போகிறீர்கள் தம்பி, நடுங்காமல் இருக்க வழி இருக்கிறது

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். கோவையிலிருந்து எடின்பரோவுக்கு வந்து ஐந்து மாதம். கூட வேலை பார்க்கும் மூன்று பேர் ஜனவரியில் ஸ்ட்ராத்பஃபர் என்கிற 24 மணி நேர மவுண்டன் பைக் பந்தயத்துக்குப் போகிறார்கள், நாலு பேர் அணியாகச் சேர்ந்து ஒருவர் மாற்றி ஒருவர் காட்டுப் பாதையைச் சுற்றிச் சுற்றி ஓட்ட வேண்டும். நாலாவது ஆள் முழங்கால் வலி என்று கழன்றுகொள்ள, ஊரில் மருதமலைப் பக்கம் சைக்கிள் மிதித்த கதையைச் சொல்லி நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். "என்ன உடுத்துவது, என்ன சாப்பிடுவது, என்ன குடிப்பது? நனையாமல் இருக்க எந்த ஜாக்கெட் வாங்கலாம் அண்ணா? நான் முட்டைகூடத் தொடமாட்டேன்." இவ்வளவுதானே?

நனையாமல் இருக்க வழியில்லை. மேலே மழை, கீழே சக்கரம் வாரி அடிக்கும் சேறு, உள்ளே உங்கள் வியர்வை. ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று வரும். நனைந்த பிறகும் உடம்புச் சூடு இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே வேலை. ஆயிரம் பவுண்டு ஜாக்கெட் போட்டவனும் நடுங்கியதைப் பார்த்திருக்கிறேன். பழைய கம்பளி பனியனோடு சிரித்துக்கொண்டே ஐந்து சுற்று முடித்தவரையும் பார்த்திருக்கிறேன்.

நான் ஸ்காட்லாந்தின் வடக்கே இன்வர்னெஸ்ஸுக்கு வந்து 15 வருஷம் ஆகிறது. பந்தயம் நடக்கும் கான்டின் காடு இங்கிருந்து காரில் அரை மணி நேரத் தொலைவு, ஸ்ட்ராத்பெஃபர் ஊருக்குப் பக்கத்தில். நாலு பேர் அணியில் மூன்று முறை ஓட்டியிருக்கிறேன், இரண்டு முறை மற்றவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதிகம் கற்றுக்கொண்டது டீ போட்டபோதுதான். ஜனவரி நடுவில் அங்கே மாலை 4 மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், காலை எட்டரை தாண்டித்தான் வெளுக்கும். 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 17 மணி நேரம் இருட்டு. பனி கொட்டி மைனஸ் ஐந்துக்குப் போனால் கவலைப்படாதீர்கள், அது காய்ந்த குளிர். 3 டிகிரியில் விடாமல் பெய்யும் மழைதான் ஆளைக் கவிழ்க்கும். நான் தென்காசிக்காரன். சாரல் என்றால் குற்றாலத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கிற சுகம்தான் எனக்குத் தெரியும். இங்கே பெய்வதையும் சாரல் என்று சொல்ல இன்றுவரை வாய் வரவில்லை.

முதல் வருஷம் நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். நல்ல விலை கொடுத்து ஜாக்கெட் வாங்கி, அதற்குள் ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்தி பனியனைப் போட்டுக்கொண்டேன். ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க வியர்வை ஊற்றியது. வெளியே இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை, உள்ளே பனியனைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும். உச்சியில் இருந்து இறக்கம் ஆரம்பித்தது, காற்று முகத்தில் அறைந்தது. காய்ச்சல் வந்தால் சூடு இறங்க நெற்றியில் ஈரத்துணி போடுவோமே, அதை நெஞ்சிலும் முதுகிலும் கட்டிக்கொண்டு இறங்கினால் எப்படி இருக்கும்? தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். பருத்தி அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே பனியன், ஜட்டி, டி-ஷர்ட், ஜீன்ஸ், சாக்ஸ், எதிலும் பருத்தி வேண்டாம்.

தோலை ஒட்டி மெரினோ கம்பளியோ மெல்லிய பாலியஸ்டரோ போடுங்கள். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு தரும், நாறாது. பாலியஸ்டர் சீக்கிரம் காயும். நான் கம்பளிக் கட்சி. ஆல்டி, லிடில் கடைகளில் குளிர்காலத்தில் சைக்கிள் துணியும் பனிச்சறுக்குத் துணியும் மலிவாக வந்து போகும், கண்ணில் பட்டதும் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் மெல்லிய ஃப்ளீஸ், அதற்கு மேல் மழை ஜாக்கெட். ஜாக்கெட்டில் அக்குள் பக்கம் ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள், ஏற்றத்தில் திறந்துவிட்டால் ஆவி வெளியே போகும். ஜாக்கெட்டின் விவரச் சீட்டில் 10,000 மில்லிமீட்டர், 20,000 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பது தண்ணீர் அழுத்தத்தைத் தாங்கும் அளவு. 10,000 உங்களுக்குப் போதும். துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவத்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், மேல்பூச்சு கெட்டு, தண்ணீர் உருண்டு ஓடாமல் துணியில் ஊறிவிடும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிஷத்தில் வியர்வையில் குளித்துவிடுவீர்கள்.

இடுப்புக்குக் கீழே, உட்காரும் இடத்தில் பேட், அதாவது மெத்தை வைத்துத் தைத்த நீளக் கால்சட்டை, அதற்கு மேல் மழை ஷார்ட்ஸ். உட்காரும் இடம் ஈரமானால் ஒரு சுற்றிலேயே தோல் உரிந்துவிடும். பேட் வைத்ததற்குள் ஜட்டி போடக்கூடாது, கூச்சமாக இருந்தாலும் சொல்லித்தானே ஆகவேண்டும். அதற்கென்று விற்கும் கிரீமைத் தாராளமாகத் தடவுங்கள். முன்சக்கரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மட்கார்டு மாட்டுங்கள், பத்து பவுண்டுக்குள் வரும். அந்தக் காசுக்கு அவ்வளவு பயன் தருவது வேறு எதுவும் இல்லை. நிறமில்லாத கண்ணாடி ஒன்று, ஹெல்மெட்டுக்குள் மெல்லிய குல்லா ஒன்று. காலுக்கு நீர்புகா சாக்ஸ் வாங்கினால் அதன் வாய் கால்சட்டைக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே இருந்தால் காலில் வழிகிற தண்ணீர் எல்லாம் அதற்குள் இறங்கும், அப்புறம் இரண்டு வாளியைக் காலில் கட்டிக்கொண்டு மிதிக்க வேண்டியதுதான்.

கைதான் பெரிய விஷயம். விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது, கியர் மாற்ற முடியாது, ஜிப் இழுக்க முடியாது, ஒன்றுக்குப் போகக்கூட முடியாது. ஒரு தடிமனான கிளவுஸ் வாங்கி அதை நம்பாதீர்கள், நனைந்தால் மறுநாள் வரை காயாது. சுற்றுக்கு ஒன்று என்று ஐந்து ஜோடி சுமாரானவை எடுத்துக்கொள்ளுங்கள். நியோபிரீன் என்கிற ரப்பர் மாதிரித் துணியில் செய்த கிளவுஸ் நனைந்தாலும் சூடு காக்கும், மழைக்கு அதுதான் சரி. அதற்குள் ஆஸ்பத்திரியில் போடுவார்களே, அந்த நீலநிற நைட்ரைல் கிளவுஸ் போட்டுக்கொள்வது எனக்குப் பிடித்த வித்தை. எல்லா ஜிப்பிலும் ஒரு சாண் கயிற்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டாவது வருஷம், இரவு இரண்டு மணி இருக்கும், கூடாரத்துக்குள் வந்து ஜாக்கெட்டைக் கழற்ற ஐந்து நிமிஷம் போராடினேன். ஜிப்பின் நாக்கு விரலில் படுகிறது, பிடிக்கத்தான் முடியவில்லை. கடைசியில் பக்கத்துக் கூடாரத்து அம்மாள் வந்து, குழந்தைக்குக் கழற்றுவது போலக் கழற்றிவிட்டுப் போனார். மறுநாளே கயிறு கட்டிவிட்டேன்.

இரண்டு சுற்றுக்கு நடுவே வரும் ஓய்வில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். நாலு பேர் அணியில் ஒருவர் ஓட்டுவது ஒரு மணி நேரமோ ஒன்றேகால் மணியோ. பிறகு மூன்று மணி நேரத்துக்கு மேல் சும்மா இருக்க வேண்டும். மிதிக்கும்வரை உடம்பு அடுப்பு மாதிரி எரியும், நிறுத்தின அடுத்த நிமிஷம் அணையும். வந்ததும் நேரம் எவ்வளவு என்று கதை பேச நிற்காதீர்கள். ஈரம் அத்தனையும் கழற்றி, துண்டால் துடைத்து, தோல்வரை காய்ந்த துணி மாற்றிய பிறகுதான் பேச்சு. ஒவ்வொரு சுற்றுக்கும் உடுத்த வேண்டியதைத் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போட்டு, வெளியே 1, 2, 3 என்று எழுதி வையுங்கள். இரவு மூன்று மணிக்கு மூளை வேலை செய்யாது, கவர் வேலை செய்யும். ஓய்வு நேரத்துக்குத் தடிமனான கோட்டு வேண்டும். இறகு வைத்தது ஈரம் பட்டால் கட்டி கட்டியாகிவிடும், செயற்கைப் பஞ்சு வைத்ததே மேல். கூட இருப்பவர் நடுங்குவது பெரிய விஷயமில்லை. நாக்கு குழறினால், சொன்னதையே சொன்னால், சூடேறாமலே நடுக்கம் மட்டும் நின்றுபோனால் அது ஆபத்து, உடனே முதலுதவிக்காரர்களைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, மூடின கூடாரத்துக்குள் கேஸ் அடுப்பைக் கொளுத்தாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சாப்பாட்டுக்கு வருவோம். ஓட்டும்போது நிறையத் தின்ன வேண்டியதில்லை. 24 மணி நேரமும் தனியாக ஓட்டுகிறவர்கள்தான் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு வைத்து விழுங்க வேண்டும். உங்களுக்குச் சுற்றில் ஒரு வாய், இரண்டு மடக்கு போதும். சாப்பிட வேண்டியது திரும்பி வந்த அரை மணிக்குள். அடுத்த முறை ஏறுவதற்கு ஒரு மணி முன்னால் இன்னும் கொஞ்சம். எனர்ஜி பார் குளிரில் செங்கல் ஆகிவிடும், பல் ஜாக்கிரதை. ஜெல் பாக்கெட்டைக் கிழிக்க விரல் வராது, பல்லால் கிழித்தால் சேறும் சேர்ந்து உள்ளே போகும். மென்மிட்டாய் என்று நீட்டுவார்கள், பெரும்பாலானவற்றில் ஜெலட்டின் இருக்கும், அது மாட்டிலும் பன்றியிலும் எடுப்பது. உங்களுக்கு ஆகாது. ஓட்ஸ், வெண்ணெய், சர்க்கரைப்பாகு போட்ட ஃபிளாப்ஜாக் ஆகும், மால்ட் லோஃப் என்று பிசுபிசுப்பான ஒரு ரொட்டி உண்டு, அதுவும் ஆகும். பாக்கெட்டைத் திருப்பி முட்டை இல்லையே என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாழைப்பழம் எங்கும் கிடைக்கும்.

ஆனால் நான் கொண்டுபோவது இட்லி. சிரிக்காதீர்கள். எண்ணெய் ரொம்ப இல்லை, மெல்லவே வேண்டாம், உப்பு இருக்கிறது, வயிற்றைக் கெடுக்காது. முதல் நாள் ராத்திரி அவித்து, ஒவ்வொன்றையும் நாலாக வெட்டி, காரம் குறைந்த பொடியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவி, இரண்டு இரண்டாக அலுமினியத் தாளில் தளர்வாகச் சுருட்டி வைப்பேன். இறுக்கிச் சுருட்டினால் கிளவுஸ் போட்ட கையால் பிரிக்க முடியாது. தேங்காய் எண்ணெய் பக்கம் போகாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோவதை அங்கே 3 டிகிரியில் மெழுகு மாதிரி கடிக்க வேண்டிவரும். மாவு புளிக்காதே என்று கேட்பீர்கள். ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வையுங்கள், பொழுது விடிந்தால் பொங்கியிருக்கும். புளியோதரை ஓய்வு நேரத்துக்கு நல்லது. சைக்கிளில் போகும்போது வேண்டாம், மூச்சிரைக்கையில் ஒரு கடலைப்பருப்பு தொண்டையில் சிக்கி நான் பட்ட பாடு போதும். தயிர்சாதம் வாயில் பட்டாலே நடுங்குவீர்கள். சாம்பார் பருப்பு வயிற்றை உப்ப வைக்கும், முன்னால் குனிந்து மிதிக்கிறவனுக்கு அது தண்டனை.

இரவு இரண்டு மூன்று மணிக்கு இனிப்பைக் கண்டாலே குமட்டும். அப்போது இறங்குவது ரசம்தான். ஒரு லிட்டர் பிளாஸ்க்கில் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிஷம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு கொதிக்கக் கொதிக்க ரசம் ஊற்றுங்கள், வெகுநேரம் சூடு நிற்கும். மிளகாயைக் குறைத்து மிளகு சீரகத்தைக் கூட்டுங்கள். போன வருஷம் கூட வந்த ஸ்காட்லாந்துக்காரர் இதென்ன சூப் என்று கேட்டு மூன்று டம்ளர் குடித்தார்.

குளிரில் தாகம் தெரியாது, ஆனால் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கும். வாயிலிருந்து புகை மாதிரி வருகிறதே, அது உங்கள் உடம்புத் தண்ணீர். குளிருக்குச் சிறுநீரும் அதிகம் பிரியும். ஆகவே திரும்பி வந்ததும் சூடாக அரை லிட்டராவது உள்ளே போகவேண்டும். பாட்டிலில் வெதுவெதுப்பான பிளாக்கரன்ட் ஸ்குவாஷில், அதாவது தண்ணீர் கலந்து குடிக்கும் பழ சர்பத்தில், ஒரு சிட்டிகை உப்பு போட்டு எடுத்துப்போங்கள். முதுகுப்பையில் தண்ணீர் வைத்துக் குழாயில் குடிப்பதென்றால் உறிஞ்சிய பிறகு ஊதிக் காற்றைத் திருப்பி அனுப்புங்கள், இல்லையென்றால் குழாயிலேயே உறைந்துவிடும். காபியை இருட்டுச் சுற்றுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். யாராவது அன்போடு விஸ்கி நீட்டினால், "நாளைக்குக் காலையில்" என்று சொல்லிவிடுங்கள். குடித்தால் சூடாகத் தெரியும், தோலுக்கு ரத்தம் ஓடி உள்சூடுதான் வெளியே போகும்.

பாட்டிலுக்கு மூடி அவசியம். ஆட்டுப் புழுக்கை கலந்த சேறு வாயருகில் தெறிக்கும். 2008இல் வேல்ஸில் பில்த் வெல்ஸ் ஊரில் மழையில் நடந்த ஒரு மவுண்டன் பைக் பந்தயத்துக்குப் பிறகு நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. கேம்பிலோபாக்டர் கிருமி, சேறு வழியாக. கூடாரத்தில் ஒரு கேன் தண்ணீரும் சோப்பும் வையுங்கள், கையும் உதடும் கழுவாமல் இட்லியைத் தொடாதீர்கள்.

லைட்டு, டயர் பற்றித் தனியாகக் கேளுங்கள், அது பெரிய கதை. அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா? என் அம்மா இன்றும் போனில் "மழையில நனையாதேப்பா" என்றுதான் வைப்பார், நானும் சரி என்றுதான் சொல்கிறேன். இந்த வருஷம் நான் மறுபடி டீ போடும் பக்கம். காட்டுப் பாதையில் வரிசையாகக் கூடாரங்கள் இருக்கும், பெருங்காய வாசனை வரும் இடத்தில் நில்லுங்கள். ரசம் நான் கொண்டுவருகிறேன், டம்ளர் நீங்கள் கொண்டுவாருங்கள்.