கால்குலேட்டர் வந்த பிறகும் லாகரிதம் எதற்கு? அதைக் கண்டுபிடித்த நேப்பியர் அப்படி என்ன பெரிதாகச் செய்துவிட்டார்?

தங்கச்சிமடத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். லாக் டேபிளை (10ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் ஒரு எண் வரும் என்று காட்டும் லாகரிதம் அட்டவணை) கையில் கொடுத்த அன்றைக்கே எவனாவது ஒருவன் இதைக் கேட்டுவிடுவான். "போன்லயே இருக்குல்ல சார்?" இருக்கிறதுதான். நான் பதில் சொல்லாமல் ஒரு கணக்கைக் கொடுத்துவிடுவேன்.

347ஐ 28ஆல் பெருக்க வேண்டும். 34ஆம் வரிசையில் விரலை வைத்து 7க்கு நேரே போனால் 5403. 28க்கு 4472. முன்னால் போட வேண்டிய எண்ணை (இலக்கங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) போட்டால் 2.5403, 1.4472. கூட்டினால் 3.9875. அப்புறம் லாக்கிலிருந்து எண்ணைத் திரும்பக் காட்டும் ஆன்டிலாக் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் 9716, அதுதான் விடை. பெருக்கலே போடவில்லை, வெறும் கூட்டல். (நான்கு இலக்க டேபிள் என்பதால் எல்லாக் கணக்குக்கும் கடைசி இலக்கம் வரை இப்படிப் பொருந்தாது.)

மூன்று இலக்கத்துக்கு இது வீண் வேலைதான். ஆனால் 1600 வாக்கில் வானியல்காரரும் கப்பல்காரரும் ஏழு இலக்க சைன் மதிப்புகளைப் பெருக்கியும் வகுத்தும் கொண்டிருந்தார்கள், கையால், ஒரு இலக்கம் தப்பினால் முதலிலிருந்து. ஜான் நேப்பியர் பேராசிரியர்கூடக் கிடையாது, ஸ்காட்லாந்தில் எடின்பரோ பக்கத்து மெர்கிஸ்டனில் 1550இல் பிறந்த ஒரு நிலக்கிழார். பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்துக்கு 1593இல் விளக்கம் எழுதி, உலகம் எப்போது முடியும் என்றுகூடக் கணக்குப் போட்டவர்! அந்தக் கணக்கை விடுங்கள்.

அவர் யோசித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டு படகுகள் ஒரே வேகத்தில் கிளம்புகின்றன என்று வையுங்கள். ஒன்று அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கிறது. இன்னொன்றுக்குக் கரை வரை மீதித் தூரம் எவ்வளவு குறைகிறதோ அதே விகிதத்தில் வேகமும் குறைகிறது, பாதித் தூரம் மிச்சம் என்றால் பாதி வேகம். முதல் படகு கடந்த தூரம்தான் இரண்டாவது படகின் மீதித் தூரத்துக்கு லாகரிதம். அடுக்குக்குறியை இன்று நாம் எழுதுகிற மாதிரி எழுதும் வழக்கமே வராத காலத்தில் இப்படி யோசித்திருக்கிறார்.

யோசித்ததோடு விட்டிருந்தால் பாதிப் புகழ்தான் கிடைத்திருக்கும். ஏறக்குறைய 20 வருடம் உட்கார்ந்து, 0 முதல் 90 பாகை வரை ஒவ்வொரு கலைக்கும் (ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு) சைனின் லாகரிதத்தைக் கண்டுபிடித்து 1614இல் அட்டவணையாகவே அச்சிட்டுக் கொடுத்தார். மற்றவர்கள் போட வேண்டிய கணக்கை ஒரே ஆள் முன்கூட்டியே போட்டுவைத்தார், என்னைப் பொறுத்தவரை அவருடைய பெருமை அதில்தான் இருக்கிறது. புத்தகத்தைப் பார்த்து அசந்துபோன லண்டன் பேராசிரியர் ஹென்றி பிரிக்ஸ் 1615இல் நேரிலேயே கிளம்பிப் போய்விட்டார். 1க்கு லாக் பூஜ்ஜியம், 10க்கு லாக் 1 என்று மாற்றிக்கொண்டால் எளிது என்று இருவரும் பேசி முடித்தார்கள். நேப்பியர் 1617இல் இறந்துவிட, பிரிக்ஸ் 14 தசம இடங்களுக்குக் கணக்கிட்டு 1624இல் வெளியிட்டார். நம் பிள்ளைகள் புரட்டுவது அந்த வழியில் வந்த டேபிள்தான்.

இதே லாக் அளவுகளை மரச்சட்டத்தில் குறித்தபோது கன்டர் அளவுகோல் வந்தது, கப்பல்காரர்கள் கவராயத்தை வைத்தே பெருக்கினார்கள். அதிலிருந்து, லாக் அளவுகள் குறித்த சட்டங்களை ஒன்றை ஒட்டி ஒன்றை நகர்த்திக் கணக்குப் போடும் ஸ்லைடு ரூல். நம் பழைய பாம்பன் ரயில் பாலம் 1914இல், நேப்பியர் புத்தகம் வந்து சரியாக 300 வருடம் கழித்துத் திறந்தது. எஞ்சினியர்களுக்கு ஸ்லைடு ரூலும் லாக் டேபிளும்தான் கருவி என்றிருந்த காலம் அது.

சரி, இன்றைக்கு எதற்கு? பெருக்குவதற்குத் தேவையில்லை, டேபிளைத் தூக்கிப் போட்டாலும் குடி முழுகிப் போகாது. ஆனால் நம் கரையோர இறால் பண்ணைகளில் குளத்துத் தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) பார்க்கிறார்களே, அது லாக் எண். 8 என்பது 9 ஆனால் ஏதோ ஒன்று கூடிவிட்டது என்று நினைப்போம், உண்மையில் ஹைட்ரஜன் அயனி பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். லாக் தெரியாதவர் மீட்டரைப் பார்த்து "ஒண்ணுதானே" என்று போய்விடுவார்.