வீடு திருவொற்றியூரில், வேலை ஸ்ரீசிட்டியில்: அடிபட்டால் எந்த மாநிலச் சட்டம்?

கேள்வி: மணலியில் கான்ட்ராக்ட் ஃபிட்டராக இருக்கிறேன். சம்பளம் மாதம் 19,000 ரூபாய். அதே கான்ட்ராக்டர் இப்போது ஆந்திராவில் உள்ள ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குப் போகச் சொல்கிறார். திருவொற்றியூரிலிருந்து தினமும் வேனில் போய்வர வேண்டும். அங்கே அடிபட்டால் எந்த மாநிலச் சட்டம் செல்லும்? ஆந்திராவில் வேலை நேரமும் அதிகமாமே?

பதில்: பாதுகாப்பைப் பொறுத்தவரை, வேலை நடக்கும் இடம்தான் கணக்கு. கான்ட்ராக்டரின் ஆபீஸ் சென்னையில் இருந்தாலும், ஆந்திர எல்லையைத் தாண்டிவிட்டால் புகாரைக் கேட்க வேண்டியது ஆந்திராவின் தொழிற்சாலைகள் துறை. நம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு அங்கே அதிகாரம் இல்லை.

ஆனால் அடிப்படைச் சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். முன்பு 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம். மாநிலங்கள் வேறுபடுவது விதிகளிலும் வேலை நேரத்திலும். தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரலில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டது. ஆந்திரா 2025-ல் வேறு பாதையில் போனது. ஒரு நாள் உச்சவரம்பை 9 மணியிலிருந்து 10 ஆகவும், ஓ.டி.யைக் காலாண்டுக்கு 75 மணியிலிருந்து 144 ஆகவும் உயர்த்தத் திருத்தம் கொண்டுவந்தது. வாரத்துக்கு 48 மணி என்பது மாறவில்லை. ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் உண்டு. புதிய சட்டப்படி உங்கள் சம்மதமும் வேண்டும். போக வர வேனில் கழியும் நேரத்தோடு பத்து மணி வேலையும் சேர்ந்தால் உடம்பு என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள். அசதியில்தான் கை மெஷினுக்குள் போகிறது.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை மொழி. வொர்க் பெர்மிட்டும் (ஆபத்தான வேலையைத் தொடங்கும் முன் தரும் அனுமதிச் சீட்டு) எச்சரிக்கைப் பலகையும் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். புரியாத பெர்மிட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் சொல்லச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். டேங்குக்குள் இறங்கும் வேலை என்றால், உள்ளே வாயு சோதித்து எழுதிக் கொடுத்த சான்று இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே கொண்டுபோகும் கை விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் கூடாது என்பது 1948 சட்டம் வகுத்தது. எந்த மாநிலமானாலும் அதைக் கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் கம்பெனியிடமும் ஆய்வாளரிடமும் ஒரே நேரத்தில் தெரிவிக்க உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்து பணம். இங்கே மாநில எல்லை உங்களைத் தடுக்காது. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குச் சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய், அதனால் உங்கள் சம்பளம் அதற்குள் வருகிறது. வேலையில் அடிபட்டு வீட்டில் இருக்க நேர்ந்தால் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. கான்ட்ராக்டர் பணம் கட்டாமல் விட்டிருந்தாலும் உங்கள் உரிமை போய்விடாது. இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் அவரிடம் வசூலித்துக்கொள்ளும். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து, நேரமும் சூழ்நிலையும் வேலையோடு பொருந்தினால், பணி விபத்தாகவே கருதப்படும். தினமும் ஜி.என்.டி. ரோட்டில் போய்வரப்போகும் உங்களுக்கு இது முக்கியம்.

பின்னாளில் சம்பளம் 21,000-ஐத் தாண்டி இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே வந்தால், விபத்து இழப்பீட்டு வழக்கை நீங்கள் வசிக்கும் பகுதியிலேயே போடலாம். ஆந்திராவுக்கு அலைய வேண்டாம்.

போவதற்கு முன் நியமனக் கடிதம் வாங்கிவிடுங்கள். புதிய சட்டத்தில் அது கட்டாயம். வேலை இடம் ஸ்ரீசிட்டி என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ‘மணலி’ என்றே விட்டுவிட்டால், அடிபட்ட பிறகு அங்கே வேலை பார்த்ததை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். கேட் பாஸையும் வருகைப் பதிவையும் போனில் படம் எடுத்து, வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.