அதே இடத்துல திரும்ப வர்ற இமைக்கட்டி

அன்புள்ள டாக்டர்,
அம்மாவுக்கு 64 வயசு. மேல் இமைல ஒரு கட்டி, வலியே இல்ல. ரெண்டு தடவ கீறி சுத்தம் பண்ணியும் மறுபடி அதே இடத்துல வந்துருக்கு. இப்ப பாக்கற டாக்டர் பயாப்ஸி, அதாவது கொஞ்சம் சதைய எடுத்து லேபுல சோதிக்கணும்ங்கறார். கத்தி பட்டா பரவிடும்னு சொந்தக்காரங்க பயமுறுத்தறாங்க. சாதாரண கட்டிக்கு இதெல்லாம் தேவையா?
கே.

அன்புள்ள கே,
தேவை. தயவுசெஞ்சு தள்ளிப்போடாதீங்க.

இமைல வர்ற கட்டி முக்காவாசி ஒண்ணுமில்லாததுதான், எண்ணெய் சுரப்பியோட வாய் அடைச்சு உள்ள தேங்கி கட்டியாகும், சலேசியன்னு சொல்வோம், சுடுதண்ணி ஒத்தடத்துலயே நெறைய பேருக்கு கரைஞ்சுடும். ஆனா அதே சுரப்பிலேர்ந்துதான் செபேஷியஸ் கார்சினோமாங்கற கேன்சரும் வருது. மேல் இமைல சுரப்பிங்க ஜாஸ்தி, அதனால அங்கதான் அதிகம். மேல்நாடுகள்ல அபூர்வம், ஆசியாக்காரங்களுக்கு இமை கேன்சர்ல இதோட பங்கு பெருசு.

வயசானவங்களுக்கு, ஒரே இடத்துல, திரும்பத் திரும்பன்னா நான் அத சலேசியன்னு நம்பவே மாட்டேன். அம்மாவ நல்ல வெளிச்சத்துல உக்கார வச்சு பாருங்க, கட்டி இருக்கற எடத்துல மட்டும் இமை முடி கொட்டிருக்கா, ஓரம் தடிச்சு மஞ்சள் பாரிச்சிருக்கா, காதுக்கு முன்னாடி நெறி கட்டிருக்கா. இருந்தா உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க, இல்லன்னாலும் பயாப்ஸிய விட்டுடாதீங்க. சிலருக்கு கட்டியே இருக்காது, ஒரு கண்ணு மட்டும் மாசக்கணக்கா செவந்து கெடக்கும், சொட்டு மருந்து மாத்தி மாத்தி போட்டும் அடங்காது, கேன்சர் செல் இமையோட உள்சவ்வுல படர்ந்துட்டு இருக்கும்.

பயாப்ஸி எடுக்கறதால கேன்சர் கெளம்பாது. என்னன்னு தெரியாம சுரண்டி, எடுத்தத குப்பைல போட்டுட்டு மாசத்த ஓட்டறதுதான் ஆபத்து, அந்த நேரத்துலதான் அது நெறிக்கும் கண்குழிக்கும் போகுது. முன்ன ரெண்டு தடவ எடுத்தத லேபுக்கு அனுப்புனாங்களான்னு கேளுங்க, அந்த திசுவ வச்ச கண்ணாடி ஸ்லைட் இருந்தா வாங்கிட்டு போங்க.

இன்னொண்ணு, லேபுக்கு அனுப்பும்போதே இந்த சந்தேகத்த டாக்டர் எழுதணும். இது எண்ணெய் சுரப்பி கேன்சர்ங்கறதால செல்லுக்குள்ள இருக்கற கொழுப்பும் ஒரு அடையாளம். லேபுல வழக்கமா திசுவ பதப்படுத்தறப்ப அந்த கொழுப்பு கரைஞ்சு போயிடும், கொழுப்ப சிவப்பா காட்டற ஆயில் ரெட் ஓ சாயம் போடணும்னா அப்படி பதப்படுத்தாத திசு வேணும், முன்னாடியே சொன்னாதான் எடுத்து வைப்பாங்க.

அம்மாவுக்கோ ரத்த சொந்தத்துல யாருக்காவதோ பெருங்குடல், கர்ப்பப்பை கேன்சர் வந்திருந்தா அதையும் சொல்லிடுங்க, சில குடும்பங்கள்ல அந்த கேன்சர்களும் இந்த செபேஷியஸ் கார்சினோமாவும் ஒரே மரபணு கோளாறால வரும். ரிசல்ட் வந்ததும் எழுதுங்க.