பழைய ரோட்ஸ்டருக்கு எந்த கியர் பாக்ஸ் பொருந்தும்?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் 1991-ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர் (மாஸ்டாவின் திறந்த கார்) இருக்கிறது. 1.6 எஞ்சின், ஐந்து கியர். கொஞ்ச நாளாக ஓடும்போது ஊளையிடுகிறது, நான்காவது கியரில் மட்டும் சத்தம் அடங்குகிறது. பழைய உதிரிபாகக் கடையில் மூன்று கியர் பாக்ஸ் காட்டினார்கள். ஒன்று 1.8 ரோட்ஸ்டரின் ஐந்து கியர், இன்னொன்று அடுத்த தலைமுறை வண்டியின் ஆறு கியர், மூன்றாவது மாஸ்டா 323-இல் கழற்றியது. 323-லும் என் வண்டியைப் போல பி6 எஞ்சின்தானே, விலையும் குறைவு என்கிறார் மாமா. ஆறு கியர் போட்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் அமைதியாக ஓடும் என்கிறார் மெக்கானிக். எதை வாங்கலாம்?"

1.8-இன் ஐந்து கியரை வாங்குங்கள்.

நான்காவது கியரில் சத்தம் அடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே பாதி விடை. இந்த கியர் பாக்ஸில் நான்காவது நேரடி கியர், விகிதம் 1.000, அதாவது முன்புறம் ஒரு சுற்று சுற்றினால் பின்புறமும் ஒரு சுற்று. அப்போது சக்தி உள்ளே இருக்கும் துணைத் தண்டின் வழியாகப் போகாமல் நேரே பின்னால் போய்விடுகிறது. ஆகவே தேய்ந்திருப்பது அந்தத் தண்டின் பேரிங்கோ பற்களோதான். மாற்ற வேண்டியதுதான். கியர் விழாமல் கரகரப்பது மட்டும் குறை என்றால், முதலில் கிளட்சின் ஸ்லேவ் சிலிண்டர் (பெடல் மிதித்ததும் எண்ணெய் அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளும் பாகம்) ஒழுகுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருப்பேன். இந்த வண்டிகளில் அது அடிக்கடி போகும்.

மாமா சொல்வதை விட்டுவிடுங்கள். 323-இல் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்து முன் சக்கரங்களை ஓட்டுகிறது. அதன் கியர் பாக்ஸுக்குள்ளேயே டிஃபும் (சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல்) இருக்கும். எஞ்சின் பெயர் ஒன்று என்பதால் கியர் பாக்ஸ் பொருந்திவிடாது. ரோட்ஸ்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு: கியர் பாக்ஸின் வாலைத் தாங்குவது டிஃப் வரை நீளும் ஓர் அலுமினியச் சட்டம். அந்தச் சட்டத்தில் மாட்டும் இடம் இல்லாத எதுவும் இந்த வண்டிக்கு உதவாது.

ஆறு கியர் அப்படியில்லை, மாட்டும். எஞ்சின் பக்கத்து போல்ட்டுகளும் அந்தச் சட்டமும் சரியாக உட்காரும். கேள்வி மாட்டுமா என்பதல்ல, மாட்டியபின் எப்படி ஓடும் என்பது. உங்கள் ஐந்தாவது கியரின் விகிதம் 0.814. ஆறு கியரில் கடைசி கியரின் விகிதம் 0.843. உங்கள் டிஃபின் விகிதம் 4.3 என்பதால், 185/60 ஆர்14 டயரில் 110 கிலோமீட்டர் வேகத்துக்கு இப்போது எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,540 சுற்று வரும். ஆறு கியர் போட்டால் 3,660. ஆக, எஞ்சின் முன்பைவிட வேகமாகத்தான் சுற்றும். முதல் கியரோ 3.136-இல் இருந்து 3.760 ஆகிறது. சிக்னலில் கிளம்பியதும் அடுத்த கியரைத் தேட வேண்டியிருக்கும். கிராண்ட் பே வரை அமைதியாகப் போக ஆசைப்பட்டு இதை வாங்கினால் ஏமாற்றம்தான்.

சுற்றைக் குறைக்க, ஆறு கியரோடு 3.909 டிஃப் போடலாம். அப்போது அதே வேகத்தில் சுமார் 3,330 சுற்று. ஆனால் உங்கள் 1.6-இல் இருப்பது சிறிய டிஃப், 3.909 டிஃப் அளவில் பெரியது. அதனால் பின் அச்சுத் தண்டுகளும் கியர் பாக்ஸையும் டிஃபையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் சேர்ந்து மாறும். அந்தப் பணத்தை டயருக்கும் பிரேக்குக்கும் செலவிடுவேன் நான்.

1.8-இன் ஐந்து கியரில் விகிதங்கள் உங்களுடையதேதான், அதனால் போர்ட் லூயியில் இருந்து கியூர்பிப் ஏற்றத்தில் வண்டி பழையபடியே இழுக்கும். கிளட்ச் மட்டும் கவனம். 1.6-க்கு 200 மில்லிமீட்டர் தட்டு, 1.8-க்கு 215. தட்டு ஃப்ளைவீலை (எஞ்சினின் பின்னால் சுழலும் கனமான சக்கரம்) பொறுத்தது, கியர் பாக்ஸைப் பொறுத்தது அல்ல. உங்கள் ஃப்ளைவீல் மாறவில்லை என்றால் 200-தான் வாங்க வேண்டும். வேகமானியின் கேபிள் மாட்டும் பகுதியும் ரிவர்ஸ் சுவிட்ச்சும் ஒத்துப்போகிறதா என்று பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையதைக் கடைக்காரரிடம் உடனே தள்ளிவிட வேண்டாம்.

கடையில் வாங்கும்போது எண்ணெயை வடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மினுமினுப்பு கொஞ்சம் இருக்கும், பயமில்லை. விரலில் உறுத்தும் துண்டு வந்தால் வேண்டாம். அப்புறம் முதல் கியரில் போட்டு, முன் தண்டைக் கையால் சுற்றுங்கள். பின்புறம் ஒரு முழுச் சுற்று வர, ஐந்து கியரில் முன்புறம் மூன்று சுற்றுக்குச் சற்று மேலே ஆகும். ஆறு கியரில் மூன்றே முக்கால். கடைக்காரர் எந்தப் பெயர் சொன்னாலும் இந்தக் கணக்கு ஏமாற்றாது. வெளிநாட்டில் இருந்து வரவழைப்பதாக இருந்தால், பணம் அனுப்பும் முன் பழைய உதிரிபாகத்துக்கான இறக்குமதி விதியைச் சுங்கத்தில் கேட்டுவிடுங்கள்.

கியர் பாக்ஸ் இறங்கியிருக்கும் நேரத்தில் எஞ்சினின் பின்புற எண்ணெய் சீல், கிளட்ச் ரிலீஸ் பேரிங், ஸ்லேவ் சிலிண்டர் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். கழற்றும்போது டிஃபுக்கு அடியில் ஜாக் கொடுக்காமல் சட்டத்தின் போல்ட்டைத் தொடக் கூடாது என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். எண்ணெய் 75டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம், இரண்டு லிட்டர். கியர் கம்பின் அடியில் தனியாகக் கொஞ்சம் எண்ணெய் நிற்கும், அதையும் மாற்றி, கிழிந்த ரப்பர் உறை இருந்தால் புதியது போட்டுவிடுங்கள்.